ஆராய்ச்சியுரை இயற்றுமாறு

நூலைக் கற்றல், கற்றதனைப் பிறர்க்கு உரைத்தல், கற்றதன்கண் ஐயமுற்றவிடத்து ஆராய்ந்து துணிதல் என்னும் மூன்றும் ஒன்றற்கொன்று வேறாயின செயல்களாம். இவற்றுள் முன்னைய இரண்டும் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஒருவாறு பயிற்றப்படுகின்றன. மூன்றாவது பயிற்றப்படுதல் அரிது. ஆயினும் முதுகலை பயில்வார் ஒரு சிற்றாய்வேடும், முனைவர் பட்டம் வேண்டுவார் ஒரு பேராய்வேடும் எழுதித் தருதல் வேண்டுமென்பது இன்றைய வழக்கு. பயிற்றாத தொழிலைச் செய்கவென ஏவினால், ஏவப்பட்டார் என் செய்வர்? முன்னொருவர் செய்ததனைப் பார்த்து அதுபோலச் செய்வர். அதுவும் மாட்டாதார் முன்னொருவர் செய்ததனையே தமதாகக் கொள்வர். இவற்றான் விளையுங் கேடு யாது, அதனை நீக்குமாறு எங்ஙனம் என்பன ஈண்டு ஆராயப்படும்.

இதனை யான் எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. யான் வாழும் காமயகவுண்டன்பட்டி, கம்பம் பள்ளத்தாக்கின்கண், முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் பந்தற்கொடியால் திராட்சையும் விளையும் ஊர். இளமையில் ஆதீனக் கல்லூரியொன்றிற் பாடங்கேட்டுப் பின்னர்ப் பள்ளித் தமிழாசிரியனாயிருந்து ஓய்வுபெற்று ஈண்டு உறைகின்றேன். சென்ற யாண்டு ஆவணித் திங்களில் எம்மூர் மாணவி யொருத்தி என்னைக் காண வந்தாள். அவள் பெற்றோர் திராட்சைத் தோட்டத்திற் கூலிவேலை செய்பவர். அக்குடியிற் கல்லூரி புகுந்தார் அவட்கு முன் எவருமிலர். முனைவர் பட்டத்துக்கென அவள் எடுத்துக்கொண்ட பொருள், சிவஞானபோதம் வடமொழியாகமப் பகுதியொன்றன் மொழிபெயர்ப்போ, அன்றித் தமிழ் முதனூலோ என்பது. ஓரியலை என் கையிற் றந்து, “ஐயா, இதில் மாபாடிய மேற்கோள் ஒன்றுள்ளது. அது மூலத்தில் எவ்விடத்து வருகின்றதெனத் தெரியவில்லை. தாங்கள் எடுத்துக் காட்டல் வேண்டும்” என்றாள்.

“அதனை நீ எங்கே கண்டாய், அம்மா?”

“முன்னொருவர் ஆய்வேட்டிற் கண்டேன், ஐயா. பக்க எண்ணும் அதிலேயே உள்ளது. ஆனால் அப்பக்கத்தைப் பார்த்தால் அது இல்லை.”

அம்மேற்கோளின் பொருள் இது: சிவஞான முனிவர் இரௌரவாகம ஏட்டினைத் தாமே நேரிற் கண்டு, பன்னிரண்டு சூத்திரங்களையும் ஒப்புநோக்கித் துணிந்தார் என்பது. அவள் எழுதிய இயல் முழுதும் அவ்வொரு தூணின்மேல் நின்றது. யானோ மாபாடியத்தை ஆசிரியர்பாற் பாடங்கேட்டவன். ஆதலின், “உள்ளது, தேடித் தருவேன்” என விடை கூறினேன். அவ்விடை பிழையென்பதும், அப்பிழை யாரிடத்துத் தோன்றியதென்பதும் பின்னர் விளங்கும்.

1. ஐயமே ஆராய்ச்சிக்குத் தோற்றுவாய்

கல்லூரிகளில் ஆய்வுப்பொருளெனக் கொள்ளப்படுவன பலவும் ஒரு பரப்பின் பெயராகவே நின்றுவிடுகின்றன. ‘திருமுறைகளிற் சமுதாயம்’, ‘சித்தாந்த நூல்களில் முத்தி’ என்றாற் போல்வன அவை. இவை வினாவல்ல. வினா இல்வழி விடையும் இல்லையாம். விடையில்லாத ஏடு எத்துணைப் பக்கம் நீளினும் தொகுப்பேயன்றி ஆராய்ச்சியாகாது.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். மீமாஞ்சை நூலார் ஓர் அதிகரணத்துக்கு ஐந்துறுப்புக் கூறுவர். எடுத்துக்கொண்ட விடயம், அதன்கண் எழும் ஐயம், பிறர் கூறும் பூர்வபக்கம், தாம் துணியும் சித்தாந்தம், முன்பின் நின்றவற்றோடு இதற்குள்ள இயைபு என்பன அவை. இக்காலத்து ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கல்லூரிகளில் விதிக்கப்படும் முன்னுரை, ஆய்வுச் சிக்கல், முன்னாய்வுகள், முடிவு என்னும் பகுப்பு இவ்வைந்தின் வேறன்று. சிவஞானபோதத்துச் சூத்திரந்தோறும் அதிகரணங்கள் வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றன்கண்ணும் மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும் நிறுத்தப்பட்டிருத்தலை மாணாக்கர் அறிவர். ஈண்டு மேற்கோள் என்றது பிறர் வாக்கியத்தை எடுத்துரைத்தலை யன்று. தான் நிறுவப் புகுந்த துணிபினை. அத்துணிபு ஏதுவின்றி நில்லாது. ஏதுவும் எடுத்துக்காட்டின்றி விளங்காது. இதனை வாய்ப்பாடாக ஒப்பிப்பார் பலர். தாம் எழுதும் ஏட்டில் ஒவ்வோரியற்கும் இம்மூன்றும் உளவோவென நோக்குவார் சிலரே.

ஐயம் எங்ஙனம் பிறக்குமெனின், அண்மையிலுள்ள பொருளைக் கூர்ந்து நோக்குதலாற் பிறக்கும். இதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டுண்டு. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பை என்னும் ஊரில், 2006-ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. இராசனும் அவரொடு பணிசெய்த ஆய்வாளரும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றனைக் கண்டு வெளிப்படுத்தினர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்துபட்ட அந்தவன் என்பானொருவனைக் குறிக்கின்றது. ஆகோள் என்பது வெட்சித்திணைக்குரிய துறையாகத் தொல்காப்பியப் புறத்திணையியலில் வைத்தோதப்படுஞ் சொல். இலக்கணத்தில் மட்டும் கண்ட சொல் கல்லின்மேல் நின்றது கண்டு அறிஞர் வியந்தனர்.

இச்செய்தியை அறிந்த மாணாக்கன், ‘தேனி மாவட்ட நடுகற்கள்’ என்று தலைப்பிட்டெழுதின் அது பரப்பாம். ‘கல்லிற் காணப்படுங் கூடலூர் கம்பத்தை அடுத்த நம் கூடலூரோ, பிறிதோ?’ என வினவின் அது ஐயமாம். இவ்வையம் எழுந்தவுடனே செய்யவேண்டுவனவும் தாமே புலப்படும். கூடல் என்பது ஆறுகள் கூடுமிடத்துக்கு வழங்கும் பொதுப்பெயராகலின் அப்பெயருடைய ஊர்கள் எத்துணை உள? மதுரைக்கும் கூடலென்னும் பெயருண்மையின் அதனைக் குறித்ததன்றென்பது எற்றாற் பெறப்படும்? நம் கூடலூர் அப்பெயர் பெற்றிருந்தமைக்குப் பழஞ்சான்று யாது? மாடு கவர்ந்தோர் சென்ற வழி மலைவழியோ ஆற்றுவழியோ? நடுகல் நாட்டப்படுவது வீரன் பட்ட இடத்தோ, அவன் பிறந்த ஊரிலோ? இவற்றுள் ஒன்றிரண்டற்கேனும் ஏதுக் காட்டி விடை கூறுவான் முப்பது பக்கம் எழுதினும் அது கற்றார் கொள்ளும் ஆராய்ச்சியாம்.

2. பிறர் கருத்தை யுணர்தல்

ஐயம் எழுந்தபின், அதன்கண் முன்னோர் யாது கூறினர் என்பதனை அறிதல் வேண்டும். சிவஞானசித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியர் தங் கொள்கையைச் சுபக்கத்திற் கூறப் புகுமுன், பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி யீறாகப் பதினால்வர் மதங்களை யெடுத்தோதி மறுத்தனர். ஆண்டு அவர் ஒவ்வொரு மதத்தையும் அம்மதத்தார் தாமே கூறுமாறு போல முதற்கண் நிறுத்துவர். அதன் பின்னரே மறுப்பர். உமாபதி சிவாசாரியரது சங்கற்ப நிராகரணம் சகம் 1235-இல், அஃதாவது கிறித்து 1313-இல், எழுந்தது. அதுவும் ஒருவன் கூறியதனை மற்றொருவன் மறுக்க, அவனை மூன்றாமவன் மறுக்க, இங்ஙனந் தொடர்ந்து செல்லும் அமைப்பினது.

இவ்விரு நூல்களின் நெறியே ‘முன்னாய்வுகள்’ என்னும் பகுதிக்கு உரிய நெறியாம். இன்று ஆய்வேடுகளிற் காணப்படுவதோ, ‘இன்னார் இவ்வாண்டில் இத்தலைப்பில் ஆய்ந்துள்ளார்’ என்னும் பட்டியலே. அவர் யாது துணிந்தார், அத்துணிபுக்கு ஏது யாது, அவ்வேது எவ்விடத்துத் தளர்ந்தது என்பன கூறப்படா. மாற்றான் கூற்றை அவனே கேட்டு, ‘ஆம், யான் கருதியது இதுவே’ எனத் தலையசைக்குமாறு எழுதவல்லானுக்கே அதனை மறுக்கும் உரிமையுண்டு.

நூல் கிடைத்தல் அரிதென்னும் முறையீடு முற்காலத்துப் பொருந்தும். இக்காலத்துப் பெரிதும் பொருந்தாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளின் பின்னர், முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் குசராத்தைச் சார்ந்த காந்திநகரிலுள்ள இன்பிலிப்நெட் நடுவம் ‘சோத்கங்கா’ என்னும் களஞ்சியத்தில் தொகுத்து, எவரும் இணையத்திற் படிக்குமாறு வைத்துள்ளது. தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகம் பழைய பதிப்புக்களையும் மாதவிதழ்களையும் பக்கம் பக்கமாகக் காட்டுகின்றது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், உ. வே. சாமிநாதையர் நூலகமும், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், தஞ்சையிற் சரசுவதி மகாலும் உள்ளன. கம்பத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் பேருந்துக் கட்டணம் இல்லாத மாணவியும், கைப்பேசி ஒன்றுகொண்டு 1900-ஆம் ஆண்டினை யொட்டிய பதிப்பொன்றன் முகப்புப் பக்கத்தைக் காணலாம். ஆகவே குறை நூலின்மையன்று. எதனைத் தேடுவதென்னும் வினாவின்மையே.

3. மூலத்தைக் கண்ணாற் காண்டல்

எங்கள் பள்ளத்தாக்கிற் பாயும் வாய்க்கால் நீரை நோக்கி ஒருவன், ‘இது மலைநீர்’ எனலாம். ஆனால் அது தலைமதகினின்று இங்கு வருமுன் எத்துணை வயல்களின் வடிநீர் அதனொடு கலந்ததென்பதனை வாய்க்காற் கரையில் நின்று அறிதல் ஒல்லாது. கரைவழியே மேனோக்கி நடந்து செல்லல் வேண்டும். மேற்கோளும் அத்தன்மைத்து.

மூலங்காண்டலின் அருமையை உணர்த்தற்கு உ. வே. சாமிநாதையர் வரலாற்றினும் சிறந்ததொன்றில்லை. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைபாற் பயின்று பல நூல்களைக் கற்றுத் தேர்ந்த அவர், கும்பகோணங் கல்லூரியில் ஆசிரியராயிருந்தபோது, 1880-இற் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். சிந்தாமணியைப் படித்ததுண்டோ என முதலியார் வினவ, ஐயர் இல்லையென்றார். அவ்வொரு வினா அவர் வாழ்க்கையை மாற்றியது. ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கினார். சமண சமயக் கருத்துக்கள் விளங்காவிடத்துக் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குத் தாமே சென்று கேட்டுணர்ந்தார். ஏழாண்டின் பின் 1887-இல் அந்நூல் அச்சேறியது. மணிமேகலையிற் பௌத்தக் கருத்து இடர்ப்படுத்தியபோதும், தம்மோடு கல்லூரியிற் பணிசெய்த ரங்காசாரியாரை அடுத்துக் கேட்டறிந்தே 1898-இல் அதனை வெளியிட்டார். சைவச் சூழலில் வளர்ந்தவர் சமணரையும் பௌத்த நூலுணர்ந்தாரையும் அடுத்துக் கேட்க நாணாமையே ஆராய்ச்சியின் முதற்குணமாம்.

இவ்வரலாற்றில் மாணாக்கர் உளங்கொள்ள வேண்டுவது பிறிதொன்றும் உண்டு. சிந்தாமணிக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் பழம்பாடற் பகுதிகள் பலவற்றை மேற்கோளாகத் தருவர். அவை எந்நூலின என்பதனைப் பெரும்பாலுங் கூறார். அவர் காலத்துக் கற்றார்க்கு அந்நூல்கள் மனப்பாடமாகலின் பெயர் கூறவேண்டாதாயிற்று. பிற்காலத்து அந்நூல்கள் வழக்கிறந்தன. மேற்கோள்கள் பெயரற்று நின்றன. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிற் சங்கநூல்களைக் கண்டபின்னரே ஐயர் அவற்றை ஒன்றொன்றாக இடஞ்சுட்டி அறிந்தனர். அடிக்குறிப்பிடுதல் மேனாட்டார் வழக்கென எள்ளுவார் இதனை நினைக. நாம் அறிந்ததனை நமக்குப் பின் வருவாரும் அறிவரென்பது துணிபன்று. ஆதலின் நூற்பெயரும், பதிப்பாண்டும், பக்கமும் எழுதிவைத்தல் பின் வருவார்க்குச் செய்யும் உதவியாம்.

இனி அம்மாணவியின் மேற்கோட்குத் திரும்புவாம். இரண்டு நாள் யானும் அவளும் மாபாடியத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். சிவஞான முனிவர் ஆகம வாக்கியங்களைப் பலவிடத்தும் எடுத்தாளுதல் கண்டோம். வேண்டிய வாக்கியத்தைக் கண்டிலேம். மூன்றாநாள் அவள், “ஐயா, நூலில் தேடுவதை நிறுத்தி, இந்த வாக்கியம் வந்த வழியே பின்னோக்கிப் போய்ப் பார்க்கட்டுமா?” என்றாள். யான் கற்பிக்கவேண்டியதனை அவள் எனக்குக் கற்பித்தாள்.

அவள் கண்ட ஆய்வேடு அதனை மற்றோராய்வேட்டினின்று எடுத்தது. அவ்வேடோ ஒரு மாதவிதழ்க் கட்டுரையினின்று எடுத்தது. அக்கட்டுரை முப்பது யாண்டுக்கு முற்பட்டது. அவ்விதழ் என் வீட்டுப் பரணிலேயே கட்டுண்டு கிடந்தது. கட்டுரையாசிரியன் யானே.

அன்று யான் எழுதியது, முனிவர் அத்துணை உறுதியோடு கூறுதலின் அவர் ஏட்டைக் கண்டேயிருத்தல் வேண்டும் என்னும் என் கருதல். ஆனால் வாக்கியத்தை ‘என்பது முனிவர் கருத்து’ என முடித்துவிட்டேன். முதலாய்வாளர் ‘கருத்து’ என்றதனைக் ‘கூற்று’ என்றாக்கினர். இரண்டாமவர் அதற்கு மேற்கோட்குறி யிட்டுப் பக்க எண்ணும் வழங்கினர். என் ஊகம் மூவர் கைம்மாறி முனிவர் திருவாக்காயிற்று. காட்சி, கருதல், உரை என அளவைகளை எண்ணிப் பாடஞ்சொல்லிய யானே, கருதலை உரையென மயங்கவைத்தேன்.

4. சான்று சென்றவளவே துணிபு சேறல்

தூண் சரிந்தவிடத்து மாணவி கலங்கினாள். ஆய்வேட்டினை ஒப்புவிக்கும் நாள் அணித்தாயிருந்தது. அம்மேற்கோளை அப்படியே விட்டுவைப்பினும் தேர்வாளர் அறியார் என்று அவட்குச் சொல்லியவரும் உளர். அவள் என்னை நோக்கி, “தாங்கள் சொல்லுங்கள், ஐயா” என்றாள். “அதனை நீக்கிவிடு, அம்மா. நீக்கியபின் எஞ்சி நிற்பது யாதென்று பார்ப்போம்” என்றேன்.

எஞ்சி நின்றவை இவை. பன்னிரண்டு சூத்திரங்களும் இரௌரவாகமத்துள்ளனவென்பதும், தமிழ்நூல் அவற்றின் மொழிபெயர்ப்பென்பதும் மாபாடியம் உள்ளிட்ட மரபினர் கொள்கை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் ந. இரா. பட் என்பாரைக் கொண்டு 1961 முதலாக வெளியிட்ட இரௌரவாகமப் பதிப்பில் அச்சூத்திரங்கள் காணப்படவில்லை. இதனைக்கொண்டு தமிழே முதனூல் என ஒருசாரார் துணிவர். மற்றையோர், ஆகமங்கள் முழுமையாகக் கிடையாமையின் கிடைத்த ஏட்டில் இன்மை நூலின்கண் இன்மையாகாது என்பர்.

இவ்விரண்டனுள் யான் எப்பக்கத்தேன் என்பதனை யான் பயின்ற மடமே கூறும். ஆயினும் ஆராய்ச்சியுரையில் இடம்பெறுவது எழுதுவான் விழைவன்று. சான்று காட்டும் எல்லையே. இன்மையைக் கொண்டு ஒருதலையாகத் துணிதலும் கூடாது. மரபொன்றே கொண்டு வினாவை மூடுதலுங் கூடாது. ஆகவே அவள் தன் இயலைப் புதுக்கி, வடமொழிச் சூத்திரங்களையும் தமிழ்ச் சூத்திரங்களையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, ஒன்றில் விரிந்து மற்றொன்றிற் சுருங்கிய இடங்களை எடுத்துக்காட்டி, ‘இவ்வளவில் துணியப்படுவது இது, துணியப்படாது நிற்பது இது’ என முடித்தாள். முன்னைய இயலினும் இது சிறிது. ஆயினும் முழுவதும் அவளுடையது. துணியப்படாததனைத் துணியப்படாதென்றே கூறல் தோல்வியன்று; அடுத்து வருவான் தொடங்கவேண்டிய இடத்தைக் காட்டும் எல்லைக்கல்லாம்.

5. எழுதும் முறை

ஆராய்ந்தபின் எழுதுதல். சிறப்புப்பாயிரத்து அமையவேண்டுவனவாக நன்னூலார் விதித்த எட்டனையும் ஆய்வேட்டின் முன்னுரைக்கு அளவுகோலாகக் கொள்ளலாம். செய்தான் யாவன், முன்னை எந்நூலின் வழித்து, எவ்வெல்லையுட் படுவது, பெயர் யாது, எம்முறையிற் றொகுத்தது, நுதலிய பொருள் யாது, யார்க்கு உரியது, பயன் யாது என்னும் இவ்வெட்டற்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுதமாட்டாதான் இன்னும் எழுதத் தொடங்கற்பாலனல்லன்.

அந்நூலார் கூறிய குற்றங்கள் பத்தனுள் இக்கால ஆய்வேடுகளில் மல்கியவை மிகைபடக் கூறலும் கூறியது கூறலுமாம். பக்கத்தொகை மிக்கால் பெருமை மிகுமென்னும் மயக்கமே இதற்குக் காரணம். திராட்சைத் தோட்டத்தார்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. கவாத்துச் செய்யாத கொடி பந்தலெல்லாம் படர்ந்து இலையே மிகும்; காய் குறையும். தழைத்த கொடியை வெட்டுதற்கு நெஞ்சு நோவும், ஆயினும் வெட்டுவர். எழுதியவற்றுள் வினாவுக்கு விடையாகாத பகுதி எத்துணை அழகிதாயினும் நீக்குக. மாணாக்கர்க்கு யான் கூறுவது: எழுதியதனைப் பத்து நாள் மூடி வைத்துப் பின்னர் உரக்கப் படிக்க. தாமே படிக்குங்கால் எங்கே மூச்சு முட்டுகின்றதோ அங்கே வாக்கியம் பிழைத்தது. எங்கே உள்ளம் வேறிடஞ் செல்கின்றதோ அங்கே பொருள் பிழைத்தது.

6. எடுத்தாளலும் களவும்

நன்னூலார் தொல்காப்பியச் சூத்திரங்கள் சிலவற்றை உள்ளவாறே தம் நூலுள் வைத்தனர். அது களவாகாதோவெனின், ஆகாது, என்னை? முன்னோர் மொழியையும் போற்றிக் கொள்ளுதும் என அவர் தாமே வெளிப்படக் கூறினராகலின். எடுத்தாளலுக்கும் களவுக்கும் வேற்றுமை எடுத்த அளவிலன்று. எடுத்தேன் என உரைத்தலிலேயாம்.

இக்காலத்து இதற்கு அளவு வகுத்து விதியுஞ் செய்யப்பட்டுளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை நூற்றுக்குப் பத்து வரையிருப்பின் தண்டமில்லை. பத்துக்கு மேல் நாற்பது வரையாயின் ஆறு திங்களுக்கு மேற்படாத கால எல்லையுள் திருத்தித் தருதல் வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரையாயின் திருத்திய ஏட்டைத் தருதற்கு ஓராண்டு தடை. அறுபதுக்கு மிகின் பதிவே நீக்கப்படும். இவ்விதி வேண்டுவதே. ஆயினும் மாணாக்கர் இதனைப் பிழைபடக் கொள்கின்றனர். ‘என் ஏட்டில் ஒப்புமை ஒன்பதே, ஆதலின் நான் கள்வனல்லேன்’ என்பர். கணினி அளப்பது சொல்லொப்புமையை. பிறர் கருத்தைச் சொன்மாற்றி வைத்துப் பெயர் கூறாதானை அது காணாது. என் ஊகத்தை முனிவர் வாக்காக்கிய மூன்றேடுகளையும் அக்கருவி குற்றமற்றனவென்றே கூறும். உள்ளத்தை அளக்குங் கருவி உள்ளமேயாம்.

இன்னும், வினவினவுடன் பக்கம் பக்கமாக எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்பொழுது மாணாக்கர் கைகளில் உள்ளன. அவை இல்லாத நூலுக்குப் பெயரும், இல்லாத பாடலுக்கு எண்ணும் படைத்துத் தருதலும் உண்டு. அதனை இகழ்தற்கு எனக்கு முழுவுரிமை யில்லை. இல்லாத மேற்கோளொன்றை எந்திரத்தின் உதவியின்றியே யானும் உலகிற்கு ஈந்தவனல்லனோ? ஆயின் அக்கருவி தரும் ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்திற் கண்டாலன்றி எழுதேன் என்னும் உறுதியுடையானை அது கெடுக்கமாட்டாது. அவ்வுறுதியில்லானை அச்சிட்ட நூலுங் கெடுக்கும்.

7. பயிற்சி தொடங்கற்பாலதாகிய காலம்

2022-ஆம் ஆண்டு விதிகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்தின. முன்னர் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையே ஓராண்டேனும் சிற்றேடு எழுதிப் பிழைசெய்து திருந்துதற்கு இடமிருந்தது. இன்று அவ்விடைப்படி யில்லை. ஆகவே பயிற்சி கீழ்வகுப்பிலேயே தொடங்கப்படல் வேண்டும். ஆசிரியர் பெருமக்கள் மாணாக்கர்க்கு நூறு பக்க ஏடு எழுதுமாறு ஏவுமுன், ஒரே ஒரு மேற்கோளைக் கொடுத்து, அது வந்த வழியே பின்னோக்கிச் சென்று மூலத்தைக் கண்டு, இரண்டு பக்கத்தில் எழுதிவருக என ஏவுவாராக. மூலத்திற்கும் மேற்கோட்கும் வேற்றுமை கண்ட மாணாக்கன் அன்றே ஆராய்ச்சியாளனாவன். அவ்வேற்றுமையைக் கண்ட வியப்பு அவனை வாழ்நாள் முழுதும் விடாது.

இறுதியாக என் கடன் ஒன்றுண்டு. சிவஞான முனிவர் இரௌரவாகம ஏட்டினை நேரிற் கண்டு ஒப்புநோக்கியதாக மாபாடியத்திற் கூறினாரென்று மேற்காட்டிய ஆய்வேடுகளில் வழங்கும் வாக்கியம் முனிவருடையதன்று. அது முப்பது யாண்டுக்கு முன் யான் எழுதிய ஊகம். அதனை எடுத்தாண்டோர் நீக்கிக்கொள்க. இனி எடுத்தாளப் புகுவோர் விலக்குக. முனிவர்பால் யான் வைத்த அன்பே அவர் கூறாததனை அவர் கூற்றாக்கிற்று என்று ஆறுதல் கொள்ளல் ஆகாது. ஆசிரியர் கூறியதனைக் கூறியவாறே காத்தலே அவர்க்குச் செய்யும் வழிபாடாம் என்பதனை அறுபது கடந்தபின் ஒரு மாணவிபாற் கற்றுக்கொண்டேன். இளைஞர் இதனை இருபதிலேயே கற்பாராக.